உலூக் பேக் குன்றுக்குப் போகிற வழியில்

ஜன்னல் பக்கம் நீங்க உக்காருங்க சார். எனக்கு எதுக்கு, நாலு வருசமா பாத்த ரோடுதான. அந்தா நீலமாத் தெரியுதே குவிமாடம், அத இந்தப் பக்கம் இருந்து பாத்தாத்தான் அழகு. சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் பின் சீட்டுல ஏத்தியாச்சு, இனி எனக்கு வேலை இல்ல. குன்றுக்குப் போய்ச் சேர இருவது நிமிசம் ஆவும். ரோட்ட வேற தோண்டிப் போட்டிருக்காங்க, அரை மணிகூட ஆவும்.

நான் பக்கீர். மேலப்பாளையம். மெடிக்கல் படிக்க வந்திருக்க நம்ம புள்ளைங்களுக்கு மெஸ்ல சமையல் பண்ணுதேன். நேத்து ராத்திரி நீங்க சாப்பிட்ட தாளிச்சா என் கைதான். முன்னால மைக் பிடிச்சு நிக்கிற பொண்ணு குல்நோரா. இந்த ஊர்க்காரி, இந்தி நல்லாப் பேசும். அது இந்தியில சொல்லும், நான் உங்களுக்கெல்லாம் தமிழ்ல சொல்லுவேன். சவூதியில ஒம்பது வருசம் இருந்தேன்லா, அங்க படிச்ச இந்தி. தமிழாளுங்க குரூப்பு வந்தா என்னையும் ஏத்திக்கிருவாங்க. அதுக்கு மட்டும்தான் எனக்கு மெஸ்ஸ விட்டு வெளிய போக அனுமதி.

சிரிக்காதீங்க சார். நெசமாத்தான்.

ரெண்டு வருசக் காண்ட்ராக்ட்டுல வந்தேன். வந்து இறங்குன அன்னைக்கே ஹபீப் காக்கா பாஸ்போர்ட்ட வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டுனாரு. அவருதான் மெஸ் முதலாளி. அவரும் எங்க ஊருதான், எங்க மச்சினிய கட்டிக் குடுத்த வீட்டுக்குச் சொந்தம். "பக்கீரு, இது அயல்நாடு, நீ தொலைச்சுப்புட்டன்னா யாரு அலையிறது, எங்கிட்ட பத்திரமா இருக்கட்டும்"ன்னாரு. நானும் சரின்னுட்டேன். சொந்தக்காரர்லா. ரெண்டு வருசம் முடிஞ்சுது. கேட்டேன். "மாத்து ஆள் வரட்டும்"ன்னாரு. மாத்து ஆள் வந்தான், முதல் குளிருக்கே ஓடிட்டான். மறுபடி கேட்டேன். போலீஸ்ல பதிவு பண்ணக் குடுத்திருக்கேன்னாரு. அப்புறம் பீரோச் சாவி வீட்டுல இருக்குன்னாரு. நாளாக நாளாக சிரிச்சுட்டே போயிருவாரு. ஒரு மனுசனோட பேரும் முகமும் ஒட்டுன புஸ்தகத்த இன்னொரு மனுசன் பூட்டி வைக்கிறது என்ன நியாயம் சார்? சொல்லுங்க. பத்திரமா இருக்கட்டும்னு சொன்னா ஆச்சா? யாருக்குப் பத்திரம்?

சரி, அத விடுங்க. உலூக் பேக்க சொல்லுதேன். அதக் கேக்கத்தான வந்திருக்கீங்க.

முத வருசம் ஒருநா பொட்டலம் குடுக்க வந்தவன, குல்நோரா "உள்ள வந்து பாருங்களேன் பாய்"ன்னு கூட்டிட்டுப் போச்சு. உள்ள என்ன இருக்கு? ஒரு பள்ளம். குன்ற வெட்டி, பாறையைக் குடைஞ்சு, வளைஞ்சு கீழ இறங்குது, ரெண்டு பக்கமும் பளிங்கு வச்சு, அதுல அளவுகோல் மாதிரி கோடு கோடா வெட்டி. ஆள் இறங்க முடியாது, கம்பி கட்டியிருக்கு. மேல இருந்து பாக்கணும். நான் நெனச்சேன், என்னடா இது, வானத்தப் பாக்குறவன் உயரமா கோபுரம்லா கட்டுவான், இவரு கிணறு வெட்டி வச்சிருக்காரேன்னு. அப்புறம்தான் குல்நோரா சொல்லுச்சு. இது பாதிதான், மீதி வளைவு மேல மூணு மாடி உயரத்துக்கு நின்னுச்சு, அத இடிச்சுப்புட்டாங்க, பூமிக்குள்ள இருந்த பாதி மட்டும் தப்பிச்சுதுன்னு. நானூத்தம்பது வருசம் கழிச்சு ஒரு ரஷ்யாக்காரர் பழைய பத்திரம் ஒண்ணப் படிச்சு, எடம் கண்டுபிடிச்சுத் தோண்டுனாராம்.

யாரு அவரு? தைமூர் இருக்காரே, டெல்லிய சூறையாடுனவரு, அவரு மகனுக்கு மகன். பதினஞ்சு பதினாறு வயசுல இந்த ஊரு ஆட்சிய கையில குடுத்துட்டாங்க. தாத்தா ஊரு ஊரா ஜெயிச்சாரு, பேரனுக்கு அந்த ஆச இல்ல. பள்ளிக்கூடம் கட்டுனாரு. கணக்குத் தெரிஞ்ச ஆளுங்கள எங்கெங்க இருந்தோ கூட்டியாந்து உக்கார வச்சாரு. ராசா தானே போய் பாடம் எடுப்பாராம் சார். ஆயிரத்துப் பதினெட்டு நட்சத்திரம், ஒவ்வொண்ணும் எங்க இருக்குன்னு அளந்து எழுதுனாரு. தூரதிருஷ்டி கண்ணாடி வாரதுக்கு நூத்தெழுவது வருசம் முன்னால. ஒரு வருசத்துக்கு எத்தன நாளு எத்தன மணின்னு போட்ட கணக்கு, இன்னைக்கு மெஷின வச்சுப் பாத்தாலும் ஒரு நிமிசம்கூடத் தள்ளிப் போகலையாம். நம்மாளு சார்! தொழுது நோன்பு வச்ச ஆளு! எனக்கு அன்னைக்குக் கண்ணு கலங்கிருச்சு. மெஸ்ஸுக்குப் போயி கத்திரிக்கா அறுக்கேன், மனசு இந்தப் பள்ளத்துலயே கெடக்கு.

அன்னைக்கே தாஹிராவுக்குப் போன் போட்டேன். தாஹிரா எம் மக. ஒரே மக. அப்ப பதினொண்ணு படிச்சுட்டு இருந்தா. நான் ஒண்ணு சொன்னா அவ ஒம்பது கேப்பா. "வாப்பா, அந்த வளைவு எந்தத் திசையப் பாத்து இருக்கு?" எனக்கு என்ன தெரியும், குல்நோராகிட்ட கேட்டுச் சொல்லுவேன், வடக்கு தெக்குன்னு. "அப்படின்னா சூரியன் உச்சிக்கு வார நேரத்துல, வெளிச்சம் எந்தக் கோட்டுல விழுதுன்னு பாத்து அளந்திருக்காரு வாப்பா"ன்னு அவ எனக்குப் பாடம் எடுப்பா. ஒருநா நான் ஆயிரத்துப் பதினாறு நட்சத்திரம்னு சொல்லிட்டேன், "பதினெட்டு வாப்பா"ன்னா. தேடிப் படிச்சிருக்கா. இப்ப நான் உங்களுக்குச் சொல்லுதேன்லா, இதுல பாதி அவ சொல்லிக் குடுத்தது. பன்னெண்டாவதுல ஐநூத்தி எண்பத்தொண்ணு வாங்குனா. ஸ்கூல்ல பேனர் வச்சாங்க.

புகாராவுல அவரு கட்டுன மதரசா வாசல்ல எழுதியிருக்காம் சார், கல்வி தேடுறது ஆம்பள பொம்பள ரெண்டு பேருக்கும் கடமைன்னு. நான் குன்று மேல நின்னு அதச் சொல்லும்போது, நம்ம குரூப்புல வார பொம்பளைங்க கை தட்டுவாங்க. பாக்கத்தான போறீங்க.

ஆனா மெட்ராஸ் தூரம்லா சார். ஹாஸ்டல். அவ பிசிக்ஸ் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னா. வயசுப் பொண்ணு, வாப்பா ஊர்ல இல்ல, தனியா மெட்ராஸ்ல விட முடியுமா? நான் முடியாதுன்னா அழுவா, சாப்பிடாம கெடப்பா. அதனால ஒரு ரோசனை பண்ணேன். "ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் இங்க அனுப்பு, இங்கனயே காலேஜ்ல கேட்டுப் பாக்கேன், வாப்பாகூடயே இருந்து படிக்கலாம், தினமும் உலூக் பேக்க பாக்கலாம்"னேன். செப்டம்பர்ல புதுசா சேர வந்த புள்ளைங்கள்ல ஒருத்தன் எங்க ஊரு. அவன்கிட்ட குடுத்து விட்டா. பிளாஸ்டிக் உறை போட்டு, வெல்வெட் துணியில சுத்தி. கூட ஒரு லெட்டர், "வாப்பா, எனக்குக் குளிர் பிரச்சினையே இல்ல"ன்னு.

காலேஜ்ல கேக்கலதான் சார். யாருகிட்டப் போய்க் கேக்க? மெஸ் சமையல்காரன் மகளுக்கு யாரு சீட்டுக் குடுப்பா? பெட்டியில வச்சுப் பூட்டுனேன். சர்டிபிகேட் ஊர்ல இருந்தா யாராவது ஏத்தி விடுவாங்க, எங்கயாவது போய்ச் சேந்துருவா. அவ நல்லதுக்குத்தான். வாப்பா பத்திரமா வச்சிருக்கேன்னு சொல்லிட்டேன்.

போன வருசம் நல்ல எடம் ஒண்ணு வந்துது. பையன் துபாய்ல கடை வச்சிருக்கான். தாஹிரா "படிச்சுட்டு வாப்பா"ன்னா. "நிக்காஹ் முடிச்சுட்டுப் படி"ன்னேன். ஜனவரியில தேதி குறிச்சாங்க. நான் போகணும்லா. பொண்ணுக்கு வாப்பா நாந்தான், நான் உக்காந்து என் வாயால ஒப்புக்குடுக்கணும். எம் பொஞ்சாதி மர்ஜான் சொன்னா, "உங்களுக்குப் பதிலா ஒப்புக்குடுக்க உங்க தம்பிய வக்கீலா வச்சு நடத்திருவோமே, ஊரு உலகத்துல நடக்காததா?"ன்னு. நான் ஒத்துக்கிடல. ஒரே மக. நான் இல்லாம எப்படி?

ஹபீப் காக்காகிட்ட போய் நின்னேன். இன்னைக்கு நாளைக்குன்னாரு. ஜனவரி போச்சு. மாப்பிள்ள வீட்டுல பொறுத்துக்கிட்டாங்க, நோன்புப் பெருநா கழிச்சு ஏப்ரல்னு மாத்துனாங்க. பனி கொட்டுது வெளிய. சமையல்கட்டு ஜன்னல் கண்ணாடியில ஐஸ் பிடிச்சு வெளிய ஒண்ணும் தெரியாது. அந்த மூணு மாசம் நான் பட்ட பாட்ட எப்படிச் சொல்ல? அம்பது பேருக்குச் சோறு வடிக்கேன், கதவு தெறந்துதான் இருக்கு, வாட்ச்மேன்கூடக் கெடையாது, ஆனா எங்கயும் போக முடியாது. பாஸ்போர்ட் இல்லாம ஸ்டேஷன்ல டிக்கெட்டு கூடக் குடுக்க மாட்டான். அப்பப்ப அந்தப் பள்ளத்த நெனச்சுக்கிடுவேன். பாதி ஒடம்பு பூமிக்குள்ள.

பெருநா முடிஞ்ச மறுநா, தொழுதுட்டு நேரா அவரு ரூமுக்குப் போனேன். "காக்கா, இன்னைக்குக் குடுக்கல, நான் அடுப்பப் பத்த வைக்க மாட்டேன். தேதிக்கு ஒம்பது நாளு இருக்கு"ன்னேன். கத்திட்டேன் சார், புள்ளைங்க எல்லாம் வந்து எட்டிப் பாக்குது. அவரு கதவச் சாத்துனாரு. "உக்காருடே"ன்னாரு. போன எடுத்தாரு. "நான் சொன்னா நம்ப மாட்ட, நீயே கேளு"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜப் போட்டாரு.

எம் மக குரலு.

"ஹபீப் மாமா, அஸ்ஸலாமு அலைக்கும், நான் பக்கீர் மக தாஹிரா பேசுதேன். வாப்பா பாஸ்போர்ட்ட இப்பக் குடுத்துராதீங்க மாமா. வாப்பா வந்தா எனக்கு நிக்காஹ் முடிச்சிருவாங்க. காலேஜ் சேர்ற ஜூன் மாசம் வரைக்கும் மட்டும் வச்சுக்கோங்க. நான் கேட்டேன்னு சொல்லிராதீங்க. வாப்பாவுக்குக் குளிர்ல இருமல் வரும், சுடுதண்ணி குடிக்கச் சொல்லுங்க."

டிசம்பர்ல அனுப்பியிருக்கா. சுடுதண்ணி குடிக்கச் சொல்லுங்கன்னு.

ஹபீப் காக்கா என் தோள்ல கை வச்சு, "எனக்கும் ரெண்டு பொட்டப் புள்ள இருக்கு பக்கீரு, அது கேட்டத என்னால தட்ட முடியல"ங்காரு. எவ்வளவு பெரிய மனசு பாருங்க! அதுக்கு முன்னால மூணு வருசம் யாரு கேட்டு வச்சிருந்தாராம்? ஆளு கெடைக்கலன்னு வச்சிருந்தாரு, இப்ப எம் மக பேரு வாகாக் கெடச்சுருச்சு.

வெளிய வந்து தாஹிராவுக்குப் போன் போட்டேன். "பெத்த வாப்பாவ அயல்நாட்டுல பூட்டி வைக்கச் சொன்னியா?"ன்னேன். அவ அழல சார். அதுதான் எனக்குப் பொறுக்கல. "ஆமா வாப்பா, தப்புதான்"ன்னா. அப்புறம், "நீங்க என் சர்டிபிகேட்ட இன்னைக்கே யாருகிட்டயாவது குடுத்து அனுப்புங்க, நான் இன்னைக்கே மாமாகிட்ட சொல்லுதேன்"ன்னா.

"அது வேற, இது வேற"ன்னேன்.

"எப்படி வாப்பா வேற?"

எப்படின்னா? வேறதான் சார். நான் பெத்தவன். அவரு முதலாளி. இதுகூடத் தெரியலன்னா என்ன படிச்சு என்ன? போன வச்சுட்டேன்.

உலூக் பேக்குக்கும் அதுதான் நடந்துது. பெத்த மகன். அப்துல் லத்தீஃப்னு மூத்தவன், வாப்பா மேல படையெடுத்து வந்தான். இவரு தோத்துட்டாரு. ராஜ்யத்தக் குடுத்துட்டேன், ஹஜ்ஜுக்குப் போயிருதேன், விட்டுருன்னாரு. சரி போன்னான். ஊர விட்டுக் கொஞ்சத் தூரந்தான் போயிருப்பாரு, பின்னாலயே ஆளனுப்பி தலைய வெட்டச் சொல்லிட்டான். ஹஜ்ஜுக்குப் போற மனுசன சார்! எண்பது வருசம் முன்னால கபுரத் தோண்டிப் பாத்தாங்களாம், அநியாயமாக் கொலைப்பட்டவங்கள அடக்குற முறைப்படி போட்டிருந்த துணியோட அடக்கியிருக்கு, கழுத்தெலும்புல வெட்டு விழுந்த தடம். போன மே மாசம் இதச் சொல்லும்போது ஒரு குரூப்பு முன்னால நின்னு அழுதே போயிட்டேன்.

குல்நோரா அன்னைக்கு என்னையத் தனியாக் கூப்பிட்டு ஒண்ணு சொல்லுச்சு. "பாய், நீங்க பாதிக் கதைதான் சொல்லுதீங்க"ன்னு. மகன் ஜெயிச்ச ஒரு சண்டைய அந்த வாப்பா சின்ன மகன் பேர்ல எழுதிட்டாராம். மூத்தவன் ஹெராத் கோட்டையில வச்சிருந்த சொத்த, அவனுதுன்னு தெரிஞ்சும், திருப்பிக் குடுக்கலையாம். சரித்திரம் எழுதுனவங்க அப்படித்தான் சொல்லுதாங்களாம். இருக்கலாம். நான் நம்ம ஆளுங்ககிட்ட அதச் சொல்லுறதில்ல. கேட்டா மனசு சங்கடப்படுவாங்க. எவ்வளவு பெரிய மனுசரு, அத எதுக்கு இழுத்துக்கிட்டு?

தாஹிராவா? அவ என்ன பண்ணா தெரியுமா? போலீஸ் ஸ்டேஷன்ல போய் சர்டிபிகேட் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டா. பொய்தான சார்? தொலையலையே, எங்கிட்டதான இருக்கு? ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கையெழுத்துப் போட்டு, தாலுக்கா ஆபீஸ் வரைக்கும் கூடவே அலைஞ்சிருக்காங்க. மர்ஜான் போயிருக்கா. இருவது வருசமா என்னையக் கேக்காம கடைத்தெருவுக்குப் போகாதவ, தாலுக்கா ஆபீசுக்குப் போயிருக்கா. புதுசா நகல் வாங்கி, மெட்ராஸ்ல சேந்துட்டா. பிசிக்ஸ்தான். மாப்பிள்ள வீட்டுல வேற எடம் பாத்துட்டாங்க.

ஜூன் மாசம் பத்தாந்தேதி ஹபீப் காக்கா கூப்பிட்டு பாஸ்போர்ட்ட கையில குடுத்தாரு. இந்தா, இந்தச் சட்டப் பையிலதான் இருக்கு. மூணு மாசமாச்சு. ஏன் போகலன்னு நீங்களும் கேக்கீங்க. குல்நோராவும் கேக்குது. போய்? போனா வீட்டுல யாரு இருக்கா? மர்ஜான் இருக்கா, என் முகத்தப் பாத்து ஒண்ணும் சொல்ல மாட்டா, டீ போட்டு வைப்பா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. போனா பெட்டியத் தெறக்கணும்லா சார்.

இங்கனன்னா எனக்கு ஒரு மரியாத இருக்கு. குன்று மேல நான் பேசுனா அம்பது பேரு கேக்காங்க.

அவகூட நான் பேசுறதில்ல. வாரம் ஒரு வாய்ஸ் அனுப்புவா. கேப்பேன், பதில் போட மாட்டேன். போன வாரம் அனுப்பியிருந்தா. வகுப்புல அவங்க மேடம் பழைய காலத்து வானசாஸ்திரிங்க பேரு கேட்டாங்களாம். இவ எந்திருச்சு உலூக் பேக்னு சொல்லி, பள்ளத்தச் சொல்லி, கணக்கச் சொல்லி, அஞ்சு நிமிசம் பேசியிருக்கா. "எந்தப் புஸ்தகத்துல படிச்சம்மா?"ன்னு கேட்டாங்களாம். "எங்க வாப்பா சொன்னாங்க, அங்கதான் சமையல் வேல பாக்காங்க"ன்னாளாம். எத்தன தடவ கேட்டேன்னு கேக்காதீங்க. போன்ல சார்ஜே போயிருச்சு.

என்ன சொன்னீங்க? நீங்க மெட்ராஸ்தானா? நாளைக்கழிச்சு பிளைட்டா?

சர்டிபிகேட்ட நீங்க கொண்டு போய்க் குடுக்கேங்கீங்க. நல்ல மனசு சார் உங்களுக்கு. கனமா ஒண்ணும் இல்ல, ஒரு உறைதான், உங்க கைப்பையிலயே அடங்கிரும். அவளுக்கு இப்ப அது தேவையும் இல்ல, நகல வச்சே எல்லாம் நடக்குது, காலேஜும் ஏத்துக்கிட்டுது. அத நெனச்சா... பூட்டிப் பூட்டி வச்சேன், அது வெறுங் காயிதமாப் போயிருச்சு. பத்தாங்கிளாஸ்ல ஒட்டுன படம் இருக்கு அதுல. ரெட்டச் சடை, நாடா கட்டி, சிரிக்கக் கூடாதுன்னு போட்டோக்காரன் சொல்லியும் வாயோரத்துல சிரிப்பு நிக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் புள்ளைங்க தூங்குற நேரம் எடுத்துப் பாப்பேன்.

வேண்டாம் சார். தப்பா நெனச்சுக்கிடாதீங்க. எம் மகளுதுன்னு எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல.

பாருங்க, வந்துருச்சு. குல்நோரா கை காட்டுது. தொப்பியப் போட்டுக்கோங்க, மேல வெயிலு காந்தும். முன்னால போய் நின்னுக்கோங்க, கம்பிகிட்ட. பின்னால நின்னா பள்ளம் தெரியாது.